நாரி நிமிர நேரம் யாருக்கு உண்டு?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நாட்பட்ட நோவும் இயலாமையும், அவற்றின் சமூக, பொருளாதாரக் காரணிகள் என்பது எங்களுக்குத் தரப்பட்ட விடயம். விழா மேடைக்கு ஏற்ற விடயமா இது என்று சிலர் யோசிக்கக்கூடும். ஆனால் இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் பார்த்து, "உங்களில் யாருக்கு நாரி நோ இருக்கிறது, யாருக்கு முழங்கால் நோ, யாருக்குத் தோள்மூட்டு உளைவு? கையை உயர்த்துங்கள்" என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? கையை உயர்த்தவே தோள்மூட்டு விடாதவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். ஆகவே இது எங்கள் விடயந்தான்.

முதலில் சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். பாடநூல்கள் ‘வலி’ என்கின்றன. யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘வலி’ என்றால் பலருக்கு வலிப்புத்தான் நினைவுக்கு வரும். எங்கள் சொல் ‘நோ’. அதற்குள்ளும் எத்தனை வகை! உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, கடுக்குது, சுள்ளெண்டு இழுக்குது. ஒருவர் உளையுது என்றால் எங்கள் எண்ணம் தசைக்கும் மூட்டுக்கும் போகிறது. எரியுது, சுள்ளெண்டு இழுக்குது என்றால் நரம்பை நினைக்கிறோம். எக்ஸ்ரே எடுக்கும் முன்னரே பாதி விளக்கம் நோயாளியின் வாயில் இருக்கிறது, கேட்கப் பொறுமை வேண்டும்.

நோ என்பது என்ன? காயம் எவ்வளவு பெரிதோ நோ அவ்வளவு பெரிது என்று பொதுவாக நினைக்கிறோம். அது முழு உண்மையல்ல. 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் ‘வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கை’ என்ற கருத்தை வெளியிட்டார்கள். உடம்பிலிருந்து வரும் நோச் செய்தி முண்ணாணில் உள்ள ஒரு வாயிலைக் கடந்துதான் மூளைக்குப் போகிறது. மூளையிலிருந்து கீழிறங்கி வரும் செய்திகளும் அந்த வாயிலைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன. பயம், கவலை, கவனம், நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பின்வந்த ஆய்வுகள் அந்தப் படத்தின் சில விபரங்களைத் திருத்தின. ஆனால் நோ என்பது ஒருவழிப் பாதையல்ல என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 1977இல் ஜோர்ஜ் எங்கெல் என்ற வைத்தியர் ஒருபடி மேலே போய், நோயை உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று எழுதினார்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவை நாட்பட்ட நோ என்கிறோம். வீட்டு நாயை எண்ணிப் பாருங்கள். கள்ளன் வந்தால் குரைப்பது அதன் கடமை. ஆனால் பல இரவு தொடர்ந்து கள்ளன் வந்த வீட்டு நாய், பிறகு பூவரசம் இலை விழுந்தாலும் குரைக்கும். நாட்பட்ட நோவில் நரம்புத் தொகுதிக்கு நடப்பது ஏறத்தாழ இதுதான். காயம் ஆறியிருக்கலாம், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமலிருக்கலாம், ஆனால் நரம்புகள் விழித்தபடியே இருக்கின்றன. நாய் பொய்யாகக் குரைக்கவில்லை. அது பழகியதைச் செய்கிறது. அந்த நோவும் பொய்யல்ல. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட நோவுக்குத் தனியிடம் கொடுக்கப்பட்டிருப்பதும் இந்த விளக்கத்தின் பயன்தான்.

இதன் அளவைச் சொல்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரி நோவுடன் வாழ்ந்தார்கள் என்பது உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. மனிதர்களை ஆண்டுக்கணக்கில் இயலாமையோடு வாழவைக்கும் காரணங்களில் முதலிடம் நாரி நோவுக்கே. புற்றுநோயும் மாரடைப்பும் உயிரை எடுக்கின்றன. நாரி நோ உயிரை எடுப்பதில்லை, வாழ்க்கையைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்கிறது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். நாங்கள் இப்போது சொல்லப்போவது ஓர் ஆளின் கதையல்ல. கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறோம்.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் ஒரு தாய். வயது நாற்பத்தெட்டு. வெங்காயம் நடவேண்டும், களை பிடுங்கவேண்டும், கிண்டவேண்டும். விடிய ஆறரைக்குக் குனிந்தால் தேத்தண்ணிக்குத்தான் நிமிர்வார். கணவர் இல்லை. மூத்த பிள்ளை படிக்கிறது. நாரி நோ வந்து மூன்று வருடம், இப்போது காலுக்கும் இறங்குகிறது. வைத்தியசாலையில் அவரைச் சோதித்துவிட்டு, "குனியாதேங்கோ அம்மா, பாரம் தூக்காதேங்கோ, கிழமைக்கு இரண்டு நாள் பிசியோதெரப்பிக்கு வாங்கோ" என்கிறோம். அவர் "ஓம் டொக்டர்" என்று சொல்லிவிட்டுத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்.

அந்த ‘ஓம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கிளினிக் நாளன்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இலக்கம் எடுக்கவேண்டும். மருந்தெடுத்து வீடு திரும்ப மத்தியானமாகும். அன்றைய கூலி போய்விட்டது, பஸ் காசும் போய்விட்டது. பிசியோதெரப்பிக்குக் கிழமையில் இரண்டு நாள் வந்தால் ஆறு நாள் கூலி நான்கு நாள் கூலியாகிவிடும். தோட்டக்காரர் இரண்டு தரம் பொறுப்பார், மூன்றாம் தரம் வேறு ஆளைக் கூப்பிடுவார். கிழமைக் கடன்காரரோ நாரி நோவுக்குத் தவணை தரமாட்டார். இந்த நாட்டில் வைத்தியம் இலவசம். அது எங்கள் முன்னோர் பெற்றுத்தந்த பெரும் பேறு. ஆனால் அந்த வைத்தியத்தைப் போய்ப் பெறுவதற்கான நாள் இலவசமல்ல.

ஆகவே அவர் தனக்கு முடிந்ததைச் செய்கிறார். சந்தியில் உள்ள பார்மசியில் நோக் குளிசை வாங்குகிறார். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். டைக்ளோபெனக் போன்ற குளிசைகளை இப்படி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், இரத்தம் கசியும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் பழுதாகும். அவர் அறியாமையால் போடுகிறார் என்று நாம் சொல்லிவிடக்கூடாது. வயிறு நாளைக்குத்தான் பழுதாகும், கூலி இன்றைக்கே வேண்டும். அவருடைய கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கை அவர் போடவேண்டியிருப்பதுதான் பிழை.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறக்கவில்லை. அந்தச் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாயிற்று. பஸ் கட்டணம் ஏறியது, வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அப்படியான காலத்தில் வீடுகள் முதலில் வெட்டும் செலவு எது? பிள்ளையின் ரியூசன் காசை வெட்டமாட்டோம், மாமியின் இன்சுலினை வெட்டமாட்டோம். தாயின் நாரி நோவுக்கான பயணத்தைத்தான் வெட்டுவோம். அதையும் பெரும்பாலும் அந்தத் தாயே வெட்டுவார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. நாரி நோவுக்குப் படுக்கையில் கிடப்பது மருந்து என்று முன்பு சொன்னார்கள். இன்று அப்படிச் சொல்வதில்லை. பெரும்பாலான நாரி நோவுக்கு அசைவு நல்லது, நடை நல்லது, வழமையான வேலைகளை மெல்ல மெல்லத் தொடர்வது நல்லது. "அப்படியென்றால் தோட்ட வேலை நல்லதுதானே" என்று கேட்கலாம். உடம்புக்கு வேண்டியது மாறி மாறி வரும் அசைவு. அரை மணித்தியாலம் குனிந்தால் இரண்டு நிமிடம் நிமிரவேண்டும். நோ கூடிய நாளில் குறைத்து, குறைந்த நாளில் கொஞ்சம் கூட்டவேண்டும். சுருங்கச் சொன்னால், வேலையின் வேகம் வேலை செய்பவரின் கையில் இருக்கவேண்டும்.

அந்த வேகம் யார் கையில் இருக்கிறது? கூலித் தோட்டத்தில் அது வரிசையில் முன்னே போகிறவரின் கையில். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வேகத்தைத் தராசு தீர்மானிக்கிறது. போருக்குப் பின் வன்னியில் திறந்த ஆடைத் தொழிற்சாலைகளில் மணித்தியால இலக்கு தீர்மானிக்கிறது. புடைவைக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கதிரை இல்லாமல் நிற்கும் பிள்ளைக்கு முதலாளியின் கண் தீர்மானிக்கிறது. தீவகத்தில் கோடை காலத்தில் தண்ணீர்க் கலன் காவும் பெண்ணுக்குத் தண்ணீர் வரும் நேரம் தீர்மானிக்கிறது.

இது பாரம் தூக்குபவர்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. இங்கிலாந்தின் அரசாங்க ஊழியர்களை வைத்து ‘வைற்ஹோல்’ ஆய்வுகள் என்று பெயர் பெற்ற நீண்டகால ஆய்வுகள் நடந்தன. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் பங்குகொண்டார்கள். எல்லோரும் கந்தோரில் கதிரையில் இருந்து வேலை செய்பவர்கள், மண்வெட்டி பிடித்தவர்கள் அல்லர். அங்கேயும் நாரி நோவுக்காக லீவு எடுப்பது கீழ்ப் பதவிகளில் இருந்தவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டது. தன் வேலையைத் தான் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் குறைந்த இடத்தில் உடம்பும் கூடுதலாக நொந்தது. ஆகவே நாங்கள் சொல்ல வந்த விடயம் இதுதான்: நாரியை நிமிர்த்த ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடம் அவருடைய பணத்தையும் பதவியையும் பொறுத்து அமைகிறது. அந்த இரண்டு நிமிடம் கிடைக்காதவருக்கு நோ, நாளடைவில் இயலாமையாக மாறுகிறது.

எங்கள் மண்ணில் இதன்மேல் போரும் ஏறியிருக்கிறது. கிளினிக்குக்கு வருபவர்களில் உடம்புக்குள் செல் துண்டுடன் வாழ்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று விடப்பட்ட துண்டுகள் அவை. மழைக் குளிருக்குக் குத்துகிறது என்பார்கள். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்வதும் எளிதல்ல, காந்தம் அதை அசைத்துவிடலாம். நோவைத் தந்த துண்டே நோவைச் சோதிப்பதற்கும் தடையாக நிற்கிறது. கால் இழந்தவர்களில் பலருக்கு இல்லாத கால் நோகிறது, இல்லாத விரல் எரிகிறது. வைத்தியம் அதை மாய உறுப்பு நோ என்கிறது. பெயரில்தான் மாயம், நோ உண்மை. 1987முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் எத்தனையோ பேரை மறுபடி நடக்கவைத்திருக்கிறது. ஆனால் செயற்கைக் கால் ஒருமுறை பூட்டினால் முடிகிற விடயமல்ல. சில வருடங்களில் தேயும், அளவு மாறும், உராய்ந்து புண்ணாக்கும், மாற்றவேண்டும். அதற்கும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வேண்டும்.

காயம் படாதவர்களுக்கும் நோ உண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போர் எங்கள் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றி 1998இலேயே நூல் எழுதினார். எங்களவர்கள் துக்கத்தையும் பயத்தையும் உடம்பின் முறைப்பாடாகவே வைத்தியரிடம் கொண்டுவருகிறார்கள் என்பதை இங்கே பணிபுரிந்தவர்கள் நெடுநாளாகக் கண்டுவருகிறார்கள். "நெஞ்சு அடைக்குது", "தலை இடிக்குது", "உடம்பு முழுக்க உளையுது". காணாமற் போன மகனைத் தேடி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிய தாய்க்கு இரவில் நித்திரை இல்லை. நித்திரையில்லாத உடம்பு கூடுதலாக நோகும். இது கற்பனையல்ல, நரம்பின் நியதி. அந்தத் தாயிடம் "உங்களுக்கு ஒண்டும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால், அவர் கேட்பது "நீ பொய் சொல்கிறாய்" என்பதைத்தான். மனமும் உடம்பும் ஒரே நரம்பைத்தான் பாவிக்கின்றன என்று விளக்கிச் சொன்னால் அவருக்கு விளங்குகிறது. விளங்கியபின் முகத்தில் ஓர் ஆறுதல் வருவதை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம்.

நோவைப் பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்த வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. இதைப் பெண்கள் பாடசாலை ஒன்றின் மேடையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் நம்பப்படாத நோ பெரும்பாலும் பெண்ணின் நோ.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். மாதவிடாய் வயிற்று நோவுக்கு "எல்லாருக்கும் இருக்கிறதுதானே", "கலியாணம் முடிஞ்சால் சரியாகும்" என்ற இரண்டு மருந்துகள்தான் தலைமுறை தலைமுறையாகத் தரப்படுகின்றன. மிதமான நோ பொதுவானதுதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் பாடசாலைக்கு வரமுடியாமல் சுருண்டு படுக்கவைக்கும் நோ சாதாரணமானதல்ல. கருப்பைக்குள் இருக்கவேண்டியதைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் ‘எண்டோமெற்றியோசிஸ்’ என்ற நோய், இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் பத்து வீதமானோருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் பிந்துவதற்கு ஒரு பெரிய காரணம், சொன்ன பிள்ளையை யாரும் நம்பாததுதான்.

இன்னொன்று சொல்கிறோம். ‘ருமற்றொயிட்’ மூட்டுவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகப் பிடிக்கும். இளவயதிலும் வரும். விடிய எழும்பும்போது கைவிரல்கள் விறைத்து, மூட்டுகள் வீங்கி, சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமலிருக்கும். முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். அந்த மருந்துகள் அரசாங்க வைத்தியசாலையிலேயே கிடைப்பவை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "கிளினிக்கில ஆரும் கண்டால் கதை பரவும், பிள்ளைக்குப் பேச்சுக்கால் நடக்குது." நோயை மறைத்து, எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்து, கலியாணம் முடியும்வரை காத்திருக்கிறார்கள். முடிந்தபின் வரும்போது விரல்கள் கோணிவிட்டன. சீதனச் சந்தை ஒரு பெண்ணின் கைமூட்டுகளை அரித்த கதை இது. இதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

எங்கள் வயதொத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் குப்பி விளக்கில் படித்த தலைமுறை. பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சிக்கு நடந்தோம். தாங்குவது அன்று எங்களைக் காப்பாற்றியது, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் தாங்குவதையே பெண்ணின் தகுதியாக்கி எங்கள் பிள்ளைகளுக்கும் வீட்டில் வேலைக்கு வரும் பெண்களுக்கும் அளவுகோலாக வைக்கவேண்டாம். பொறுமை ஒரு நற்பண்பு, அது வைத்தியமல்ல.

வசதியிருந்தால் நோ வராதா என்று கேட்பீர்கள். வரும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் அம்மாமார் எங்களிடம் வருகிறார்கள். காசு இருக்கிறது, அலுமாரி நிறைய வெளிநாட்டுப் பூச்சுமருந்து இருக்கிறது. பிடித்து எழுப்ப ஒரு கை இல்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடையைக் குறைக்கிறார்கள். நடை குறையத் தசை மெலிகிறது, தசை மெலிய நோ கூடுகிறது, கோயிலுக்குப் போவதும் நின்றுவிடுகிறது. தனிமையும் நோவின் வாயிலைத் திறந்து வைக்கும் ஒன்று. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஓட்டோ பிடித்து வரலாம், கொமட் பூட்டலாம், உதவிக்கு ஆள் வைக்கலாம். நோ இருவருக்கும் பொது. அதன் விளைவுதான் வேறு.

இயலாமை என்பதும் அப்படித்தான். முழங்கால் தேய்ந்த ஒருவரை இயலாதவராக்குவது முழங்கால் மட்டுமல்ல. குந்தியிருக்கும் மலசலகூடம், உயரமான பஸ் படி, கைபிடி இல்லாத வாசற்படி, மேல்மாடியில் இருக்கும் அலுவலகம் ஆகியவையும் சேர்ந்துதான் அவரை வீட்டுக்குள் பூட்டுகின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். எங்கள் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் ஏற்று உறுதி செய்திருக்கிறோம். சட்டம் வந்துவிட்டது. சாய்தளம் இன்னும் பல கட்டடங்களுக்கு வரவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு "அரசாங்கம் செய்யவேண்டும்" என்று முடித்தால் நாங்கள் பேச எழுந்ததில் பயனில்லை. அரசாங்கம் செய்யவேண்டியது நிறைய உண்டு. பிசியோதெரப்பி பிரதேச வைத்தியசாலைகள்வரை போகவேண்டும், கூலி வேலை செய்பவருக்கும் சுகயீனக் காலத்துக்கு ஏதாவதொரு கொடுப்பனவு வேண்டும். ஆனால் நூறு வருடம் நின்ற ஒரு சங்கத்தின் கைக்கு எட்டியவையும் உண்டு. நான்கைச் சொல்கிறோம்.

முதலாவது, கதிரை. இந்த மண்டபத்தில் கடை நடத்துபவர்கள் இருக்கிறோம், நிறுவனம் நடத்துபவர்கள் இருக்கிறோம், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இருக்கிறோம். கேரளத்தில் புடைவைக் கடைகளில் நின்றே வேலை செய்த பெண்கள் பல வருடம் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. எங்கள் கடைகளில் ஒரு கதிரை போடச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. வீட்டில் மரக்கறி வெட்டும் பெண்ணுக்கு மேசையும் கதிரையும் கொடுங்கள். தோட்டம் உள்ளவர்கள் நீண்ட பிடியுள்ள கருவிகளை வாங்கிக் கொடுங்கள். மணிக்கு ஒரு தரம் நிமிர்ந்து நிற்பதைச் சோம்பல் என்று பார்க்காதீர்கள். கிளினிக் நாளன்று கூலியை வெட்டாதீர்கள். நூறு பக்க மருந்துச் சீட்டுக்குச் சமம் அது.

இரண்டாவது, பாடசாலை. ஓய்வறையில் ஒரு கட்டிலும் சுடுதண்ணீர்ப் பையும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருக்கட்டும். ஒரே பிள்ளை மாதாமாதம் வந்து படுக்கிறாளா என்பதை அந்தப் புத்தகம் காட்டும். மூன்று மாதம் தொடர்ந்தால் தாயை அழைத்து, வைத்தியரிடம் அனுப்பச் சொல்லுங்கள். புத்தகப் பையின் பாரத்தையும் ஒரு தரம் தராசில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பயணக் காசு. சங்கத்தின் நிதியில் ஆண்டுதோறும் பரிசில்களும் புலமைப்பரிசில்களும் வழங்குகிறோம். அதோடு, மாணவிகளின் தாய்மாரில் கூலி வேலை செய்பவர்கள் பிசியோதெரப்பிக்கு அல்லது செயற்கைக் கால் திருத்தப் போகும் நாளுக்குப் பஸ் காசும் அன்றைய கூலியில் ஒரு பங்கும் கொடுக்கும் சிறு நிதி ஒன்றை இந்த நூற்றாண்டு நினைவாகத் தொடங்கலாம். பெயர்ப் பலகை தேவையில்லை, திறப்பு விழாவும் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள எங்கள் கிளைகள் இதை மனமுவந்து ஏற்பார்கள் என்று நம்புகிறோம். நூற்றாண்டுக்குக் கட்டப்படும் எந்தக் கட்டடமானாலும் அதற்குச் சாய்தளமும் கைபிடியும் முதல் வரைபடத்திலேயே இருக்கவேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்கிறோம். எண்பது வயது அக்காமாரைக் கதிரையோடு தூக்கி மேடையில் ஏற்றும் காட்சி அன்பானதுதான், ஆனால் அவர்கள் தாங்களே ஏறிவர விரும்புவார்கள்.

நான்காவதுக்குக் காசே தேவையில்லை. யாராவது "எனக்கு நோகுது" என்றால், "எவ்வளவு நாளாய்? எப்ப கூடுது? நித்திரை வருதா? என்ன வேலை செய்யேலாமல் இருக்கு?" என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளும் வைத்தியர்கள் மட்டும் கேட்கவேண்டியவை அல்ல. மகள் தாயிடம் கேட்கலாம், அதிபர் ஆசிரியையிடம் கேட்கலாம், முதலாளி கடைப் பிள்ளையிடம் கேட்கலாம். கேட்டுவிட்டு, சொல்லும் பதிலை நம்புங்கள். நம்பப்பட்ட நோ முற்றாகப் போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைத் தனியே சுமக்கவேண்டியதில்லை என்று அறிந்தவர் நடக்கத் தொடங்குகிறார், பயிற்சியைத் தொடர்கிறார், குளிசையைக் குறைக்கிறார். அதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலத்தில், எங்கள் மூத்தோர் அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தாமல் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். அதனால் நாம் நிமிர்ந்தோம். எங்களோடு ஒரே ஊரில் வாழ்ந்து, இன்னும் குனிந்தபடியே இருக்கும் பெண்களின் நாரி நிமிரவும் நாம் வழிசெய்தால், அடுத்த நூறு வருடத்துக்கு அது நல்ல தொடக்கமாக அமையும்.

இனி எல்லோரும் ஒருதரம் எழுந்து நின்று, நாரியை நிமிர்த்திவிட்டு அமருங்கள்.